இயக்குபட்டியின் இழுவை: அளவையும் அறிவுடைமையும் பற்றிய சில குறிப்புகள்

1

மோட்டார் சைக்கிளொன்றின் பின்சில்லை இயக்கும் பட்டியை எவ்வளவு இறுக்குதல் வேண்டும், அதனை எவ்வாறு நேர்ப்படுத்துதல் வேண்டும் என்பன கராச்சுக்குரிய வினாக்கள். ஆராய்ச்சிச் சஞ்சிகைக்குரியன அல்ல என்று கருதுவோர் இருக்கலாம். மூளையுழைப்பு வேறு, உடலுழைப்பு வேறு என்னும் பாகுபாட்டை இயல்பானதாகவே ஏற்றுக்கொண்ட கல்விமரபிலே இத்தகைய கருத்து நிலவுவதில் வியப்பில்லை. ஆயின் அப்பாகுபாடு இயற்கையின் விதியன்று. அது வரலாற்றிலே தோன்றியது. குறிப்பிட்ட உற்பத்தி உறவுகளோடு வளர்ந்தது. அது வளர்ந்த வகையை அறிய முயல்வோர்க்குப் பட்டியின் இழுவை என்னும் இச்சிறு விடயம் எதிர்பாராத தெளிவைத் தருகின்றது. இலக்கிய ஆய்வில் ஈடுபட்டுள்ள ஒருவன் இதனை எழுத முற்பட்டமைக்கும் அதுவே காரணமாகும். கைக்குத் தெரிந்த ஒன்று எழுத்தில் வடிக்கப்படும்போது அது யாருடைய உடைமையாகின்றது என்ற வினா, இலக்கிய வரலாற்று மாணவனுக்கும் உரிய வினாவேயாம்.

'மூலதனம்' முதலாந் தொகுதியிலே (1867), வளர்ச்சியடைந்த பொறித்தொகுதி ஒவ்வொன்றும் மூன்று பகுதிகளைக் கொண்டது என மார்க்ஸ் வகுத்துக் காட்டினார். இயக்கத்தைத் தோற்றுவிக்கும் பொறி ஒன்று. அவ்வியக்கத்தைக் கடத்தும் அமைப்பு மற்றொன்று. பொருளின்மீது நேரடியாகத் தொழிற்படும் பொறி பிறிதொன்று. தண்டுகள், பற்சில்லுகள், கப்பிகள், பட்டிகள் ஆகியன இரண்டாவது பகுதியைச் சார்ந்தவை. இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் பழைய அமைப்பை அறிந்தோர்க்கு இது புதிதன்று. கூரையையொட்டிச் சுழன்ற நீண்ட தண்டிலிருந்து இறங்கிய பட்டிகளே தேயிலை உருட்டும் பொறிகளை இயக்கின. எஞ்சினைப் பற்றிப் பேசுவோர் பலர்; பொறியின் உற்பத்தியைக் கணக்கிடுவோர் பலர்; இரண்டையும் இணைக்கும் பட்டியைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. அது அறும்போதுதான் அது நினைவுக்கு வருகின்றது.

இக்கட்டுரை முதலில் மோட்டார் சைக்கிட் பட்டியின் வரலாற்றையும் இயல்பையும் சுருக்கமாகக் கூறி, அதனை இறுக்கி நேர்ப்படுத்தும் செய்முறையை விளக்கும். பின்னர், அச்செய்முறையின் மையமாக அமையும் அளவைக்கும் உழைப்பின் வரலாற்றுக்குமுள்ள தொடர்பை ஆராயும். எடுத்துக்காட்டாக ஐக்கிய அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிளைக் கொள்வோம். பட்டியைக் கைவிட்டுப் பின் பட்டிக்கே மீண்ட வரலாறு அதற்குண்டு.

2

1903இல் தோன்றிய முதலாவது ஹார்லி டேவிட்சன், தோற்பட்டியினாலேயே தன் பின்சில்லை இயக்கியது. அக்காலத்துத் தொழிற்சாலைகளிலே பொறிகளை இயக்கிய தட்டையான பட்டியின் சிறிய வடிவமே அது. பட்டியைத் தளர்த்தினால் எஞ்சின் மட்டும் ஓடும். நெம்புகோலொன்றினால் உருளையை அழுத்திப் பட்டியை இறுக்கினால் வண்டியும் ஓடும். எனவே இழுவையைக் கூட்டுவதும் குறைப்பதுமே வண்டியை ஓட்டும் முறையாயும் இருந்தது. மழையில் நனைந்ததும் தோல் வழுக்கியது; நாளடைவில் நீண்டது. அதே நாட்டில் 1901இல் தோன்றிய இந்தியன் மோட்டார் சைக்கிள் தொடக்கத்திலேயே சங்கிலியைக் கைக்கொண்டிருந்தது. எஞ்சின்களின் வலு பெருகப் பெருகத் தோற்பட்டி ஈடுகொடுக்க இயலாது மறைந்தது, சங்கிலி நிலைபெற்றது.

1980இல் வெளிவந்த ஹார்லி டேவிட்சன் ஸ்ரேர்ஜிஸ் என்னும் மாதிரியில் பட்டி மீண்டும் தோன்றியது. ஆனால் மீண்டது பழைய பட்டியன்று. இது செயற்கை றப்பரால் ஆனது. உட்பக்கத்தில் வரிசையாகப் பற்களைக் கொண்டது. நீளாதிருக்கும் பொருட்டு உள்ளே வலிமைமிக்க அராமிட் இழைகள் இழுவையைத் தாங்குவது. பிற்காலத்தில் கார்பன் இழைகளும் பயன்படலாயின. பட்டி வீழ்ந்து, சங்கிலி எழுந்து, சங்கிலியின் பற்பிடிப்பைத் தன்னுள் ஏற்றுக்கொண்ட புதிய பட்டி தோன்றியமையை நோக்கும்போது, வளர்ச்சி நேர்கோட்டிற் செல்வதில்லை என்பதும், மறுக்கப்பட்டது உயர்ந்த தளத்தில் மீண்டும் தோன்றக்கூடும் என்பதும் புலனாகும்.

இவ்வேறுபாடு செய்முறைக்கும் முக்கியமானதாகும். தட்டையான பட்டி உராய்வினாலேயே வலுவைக் கடத்துகின்றது. உராய்வுக் குணகம் 0.3 எனவும், பட்டி கப்பியின் அரைச்சுற்றைத் தழுவுகின்றது எனவும் கொண்டால், இறுகிய பக்கத்து இழுவை தளர்ந்த பக்கத்து இழுவையின் ஏறத்தாழ 2.6 மடங்கை விஞ்ச இயலாது. விஞ்சினால் பட்டி வழுக்கும். எனவே அதனை வலுவாக இறுக்குவது இன்றியமையாதது. பற்பட்டியிலோ வலுவைக் கடத்துவன பற்கள். தளர்ந்த பக்கத்திலே பற்கள் பற்சில்லின்மீது ஏறித் தாவாதிருக்கும் அளவு இழுவையே அதற்குப் போதும். தட்டைப்பட்டியிலிருந்து பெற்ற பழக்கத்தைப் பற்பட்டிக்கும் பொருத்தி, இறுக்கம் கூடினால் பாதுகாப்பும் கூடும் என எண்ணுவதே இத்துறையிலே காணப்படும் மிகப் பொதுவான தவறாகும்.

3

இழுவையைக் கண்ணாற் காண இயலாது; அதன் விளைவையே காணலாம். பட்டியின் நடுப்பகுதியை ஒரு குறித்த விசையால் அழுத்தி, அது எவ்வளவு விலகுகின்றது என்று அளப்பதே வழக்கமான முறை. ஹார்லி டேவிட்சன் மாதிரிகளுக்கு அவ்விசை 10 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 4.5 கிலோகிராம். அழுத்தவேண்டியது கீழ்ப்பக்கத்தை. வண்டி முன்னோக்கிச் செல்கையில் மேற்பக்கமே இழுவையைத் தாங்கும், கீழ்ப்பக்கம் தளர்ந்திருக்கும்.

இம்முறையின் உட்பொருளைச் சிறு கணக்கொன்றினால் விளக்கலாம். இரு பற்சில்லுகளுக்கும் இடையிலுள்ள பட்டியின் நீளம் 500 மில்லிமீற்றர் எனவும், 4.5 கிலோகிராம் விசைக்கு அது 10 மில்லிமீற்றர் விலகுகின்றது எனவும் கொள்வோம். பட்டியின் விறைப்பைப் புறக்கணித்தால், இழுவை என்பது விசையை நீளத்தாற் பெருக்கி, விலகலின் நான்கு மடங்கால் வகுக்க வருவதாகும். அது ஏறத்தாழ 56 கிலோகிராம். மேலும் கீழுமாக இரு பக்கங்கள் உள்ளமையால், எஞ்சினை இயக்குவதற்கு முன்னரே கியர்ப்பெட்டியின் தண்டை ஏறத்தாழ 112 கிலோகிராம் விசை பின்னோக்கி இழுத்துக்கொண்டிருக்கும். அதே பட்டி 5 மில்லிமீற்றர் மாத்திரமே விலகுமாயின் அவ்விசை இருமடங்காகி 225 கிலோகிராமாகின்றது. வெறும் ஐந்து மில்லிமீற்றர் வேறுபாட்டைப் பெருவிரலின் உணர்வு மதிப்பிட மாட்டாது. தண்டைத் தாங்கும் பெயரிங்கோ ஒவ்வொரு சுற்றிலும் அதனை உணர்கின்றது. காலப்போக்கில் தேய்ந்து அழிகின்றது. மறுபுறத்தில், பட்டி அளவுக்கு மீறித் தளர்ந்திருந்தால், திடீரென வேகங்கூட்டும்போது பற்கள் தாவும். தாவிய பற்களின் அடி வெடிக்கும்.

4

இனிச் செய்முறையை நோக்குவோம். கீழே கூறுவது பொதுமுறை. விலகலின் அளவும், அளக்கும்போது வண்டி இருக்கவேண்டிய நிலையும் மாதிரிக்கு மாதிரி வேறுபடும். எனவே குறித்த வண்டியின் கைந்நூலில் உள்ள அளவையே இறுதியாகக் கொள்ளுதல் வேண்டும்.

முதலாவதாக, வண்டி குளிர்ந்திருத்தல் அவசியம். ஓடிய வண்டியின் உலோகப் பகுதிகள் வெப்பத்தால் விரிந்து இரு பற்சில்லுகளையும் சற்றே விலக்கும். பட்டியின் இழைகளோ அதற்கேற்ப விரிவதில்லை. சூடான நிலையில் அளந்தால் பட்டி உள்ளதைவிட இறுக்கமாகத் தோன்றும். எஞ்சினை நிறுத்தி, சாவியை அகற்றி, கியரை நியூற்றலில் வைத்தல் வேண்டும். பட்டியைச் சுழற்றுவதற்கு எஞ்சினை ஒருபோதும் இயக்கலாகாது. பட்டிக்கும் பற்சில்லுக்கும் இடையில் அகப்பட்ட விரல் தப்புவதில்லை.

இரண்டாவதாக, பட்டியைப் பரிசோதித்தல். சில்லைக் கையாற் சிறிது சிறிதாகச் சுழற்றி, பற்களின் அடியில் வெடிப்பு உண்டா, பல் எதுவும் கழன்றுள்ளதா, இழைகள் வெளித்தெரிகின்றனவா, கல் புகுந்து துளைத்துள்ளதா என்று நோக்குதல் வேண்டும். இக்குறைகளுள் ஒன்று இருப்பின் இறுக்குவதாற் பயனில்லை. பட்டியை மாற்றுவதே வழி. ஓரம் தேய்ந்திருப்பின் அது நேர்ப்படாமைக்கு அறிகுறியாகும். பட்டிக்கு எண்ணெயோ கிறீசோ இடலாகாது. கழற்றிய பட்டியைச் சிறிய வளையமாக மடித்தலும், பின்பக்கமாக வளைத்தலும் தவறு. வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் உள்ளே இழைகள் முறிந்துவிடும்.

மூன்றாவதாக, அளத்தல். இதற்குரிய மானி எளிமையானது: சுருள்வில் பொருத்திய ஒரு கோல், அழுத்திய விசையைக் காட்டும் அளவுகோடுகள், எட்டிய இடத்திலே நிற்கும் ஒரு சிறு வளையம். பட்டியின் கீழ்ப்பக்க நடுவில் அதனை வைத்து 10 இறாத்தல் காட்டும்வரை மேல்நோக்கி அழுத்த வேண்டும். பல மாதிரிகளில் பட்டிக்காப்பிலே ஒரு சிறு சாளரமும் அளவுகோடுகளும் உள்ளன. அங்கு விலகலை வாசிக்கலாம். ஓரிடத்தில் மட்டும் அளந்து அமைதல் போதாது. பற்சில்லு எதுவும் பூரண வட்டமன்று. எனவே சில்லைச் சுழற்றிப் பல இடங்களில் அளந்து, பட்டி மிக இறுகி நிற்கும் இடத்தைக் கண்டு, அவ்விடத்திலேயே சரிப்படுத்துதல் வேண்டும். பின்சில்லைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கவையின் சுழலிடமும், முன் பற்சில்லின் மையமும் ஒன்றல்ல. கவை அசையும்போது பற்சில்லுகளுக்கிடையிலான தூரமும் மாறும்; ஆகவே இழுவையும் மாறும். வண்டியை எந்நிலையில் நிறுத்தி அளக்க வேண்டும் எனக் கைந்நூல் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

நான்காவதாக, சரிப்படுத்தல். பின்னச்சின் நட்டைத் தளர்த்தி, இரு பக்கங்களிலும் உள்ள சரிப்படுத்தும் திருகாணிகளை ஒரே அளவாகத் திருப்புதல் வேண்டும். அறுகோணத் தலையின் ஒரு முகம், அதாவது ஆறிலொரு சுற்று, ஒரு தடவைக்குப் போதுமானது. பின்னர் மீண்டும் அளத்தல் வேண்டும். பொறுமையின்றி அரைச்சுற்றுத் திருப்புவோர் இறுக்கித் தளர்த்தி மீண்டும் இறுக்குவதிலேயே பொழுதைக் கழிப்பர்.

ஐந்தாவதாக, நேர்ப்படுத்தல். கவையின் சுழலிட மையத்திலிருந்து பின்னச்சின் மையம்வரையுள்ள தூரம் இடம் வலம் இரண்டிலும் சமமாயிருத்தல் வேண்டும். வேறுபாடு ஒரு மில்லிமீற்றரை எட்டலாகாது. அச்சின் முனைகளுக்கிடையே 250 மில்லிமீற்றர் எனக் கொண்டால், ஒரு பக்கத்தில் நேரும் ஒரு மில்லிமீற்றர் பிழை, 600 மில்லிமீற்றர் விட்டமுள்ள சில்லின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்குமிடையே 2.4 மில்லிமீற்றர் சரிவை உண்டாக்கும். பட்டி பற்சில்லின் விளிம்போடு உராய்ந்து ஓரந் தேய்வது இதனாலேயே. இத்தூரத்தை அளக்கும் கருவியைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. ஒட்டுவேலைக்குரிய மெல்லிய கம்பியொன்றை வளைத்து முனையைக் கூராக்கி, அதிலே இறுக்கமாகப் பொருந்தும் சிறு றப்பர் வளையமொன்றைக் கோத்துக்கொண்டாற் போதும். கூர்முனையைச் சுழலிட மையத்தில் வைத்து, வளையத்தை அச்சின் மையத்துக்கு நகர்த்தி, அதே கம்பியை மறுபக்கத்திலும் வைத்து ஒப்பிடலாம். நிறுவனத்தின் சேவைக் கைந்நூலே இக்கருவியைச் செய்துகொள்ளும் வகையைக் கூறுகின்றது.

இறுதியாக, முறுக்கத்தைக் காட்டும் ஸ்பனரினால் அச்சின் நட்டைக் கைந்நூலிற் குறித்த அளவுக்கு இறுக்கி, இழுவையை மீண்டும் ஒருமுறை அளத்தல் வேண்டும். நட்டை இறுக்கும்போது அச்சு சற்றே நகர்ந்திருக்கக்கூடும். நட்டைக் காக்கும் ஊசியைப் புதிதாகப் போட்டு, சில்லைக் கையாற் சுழற்றிப் பட்டி விளிம்பில் உராயாமல் ஓடுகின்றதா என்று நோக்கி, பின்பிறேக்கைச் சில தடவை மிதித்து அது தொழிற்படுவதை உறுதிசெய்த பின்னரே வண்டியைத் தெருவுக்குக் கொண்டுசெல்லல் தகும்.

5

மேற்கூறிய செய்முறையின் மையம், சுருள்வில்லினால் விசையை அளக்கும் அந்தச் சிறு மானியேயாம். பட்டியின் இழுவையை அளவிடுவதற்குச் சுருள்வில் பயன்பட்ட முதற் சந்தர்ப்பம் இதுவன்று. அதன் முன்வரலாறு நம்மை ஐக்கிய அமெரிக்காவின் பிலடெல்பியா நகருக்கு இட்டுச் செல்கின்றது.

அங்கிருந்த மிட்வேல் உருக்குத் தொழிற்சாலையில் 1878இல் வேலைக்குச் சேர்ந்தவர் பிரடெரிக் வின்ஸ்லோ ரெய்லர். 'விஞ்ஞான முகாமை' என்னும் கொள்கையின் மூலவராக உலகம் அறிந்தவர். நிறுத்தற்கடிகாரத்தோடு தொழிலாளியின் பின்னே நின்றவர் என்றே அவரைப் பெரும்பாலும் நினைவுகூர்வர். ஆயின் அவருடைய தொடக்ககால ஆய்வுகளுள் ஒன்று பட்டிகளைப் பற்றியதாகும். ஒன்பதாண்டுக்கால அனுபவத்தின் அடிப்படையில், 1893இல் அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தில் பட்டிகள் பற்றிய கட்டுரையொன்றை அவர் சமர்ப்பித்தார். பட்டிகள் அகலமும் தடிப்பும் கூடியனவாயிருத்தல் வேண்டும், அவற்றை விற்றராசு பொருத்திய இடுக்கிகளினால் அளந்து இறுக்குதல் வேண்டும் என்பன அவர் கண்ட முடிவுகள்.

பொறியியல் நோக்கில் இம்முடிவுகள் சரியானவை. அதனை மறுப்பதில் பயனில்லை. ஆனால் அதுவரை தத்தம் பொறியின் பட்டியைத் தளர்த்துவதும் இறுக்குவதும் அதில் வேலைசெய்த தொழிலாளரின் பொறுப்பிலேயே இருந்தன. பட்டியின் ஒலியைக் கேட்டும், கையால் அழுத்தியும், பொறியின் வேகத்தை உணர்ந்தும் அவர்கள் அதனைச் செய்தனர். இனி அது அவர்களுடைய வேலையன்று. அதற்கென ஒருவர் நியமிக்கப்படுவார். எப்பட்டியை எந்நாளில் இறுக்குவது என்பதை அலுவலகம் தீர்மானிக்கும். அளவு ஏட்டிற் பதியப்படும். தொழிலாளரிடம் மரபாகத் திரண்டிருந்த அறிவைச் சேகரித்து, வகுத்து, விதிகளாக்கி முகாமையின் கையில் ஒப்படைத்தல் தம் முறையின் முதற்கடமை என்பதை, 1911இல் வெளியிட்ட நூலிலே ரெய்லர் ஒளிவுமறைவின்றி எழுதினார். அதே ஆண்டில் மசசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள வோட்டர்ரவுண் அரசாங்கப் படைக்கலத் தொழிற்சாலையிலே, நிறுத்தற்கடிகாரத்தைக் கண்டித்து வார்ப்புத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். விடயம் அமெரிக்கக் காங்கிரசின் விசாரணைவரை சென்றது. சிந்தித்தல் ஒருவரிடமும் செய்தல் வேறொருவரிடமுமாகப் பிரிக்கப்பட்ட இப்போக்கையே, ஹரி பிறேவர்மன் 1974இல் வெளியிட்ட 'உழைப்பும் ஏகபோக மூலதனமும்' என்னும் நூலில் விரிவாக ஆராய்ந்தார்.

இங்கு ஒரு தவறான முடிவுக்கு நாம் இலகுவில் வந்துவிடக்கூடும். அளவை தொழிலாளியின் எதிரி, கையின் உணர்வே உண்மையான அறிவு என்று கொண்டாடும் போக்கு முற்போக்காளரிடையிலும் அவ்வப்போது தலைதூக்குவதுண்டு. அது கைவினைக் காலத்துக்கு ஏங்கும் மனோரதியமேயன்றி வேறன்று. 10 மில்லிமீற்றருக்கும் 5 மில்லிமீற்றருக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைப் பெருவிரல் அறியாது என்பதை மேலே கண்டோம். விற்றராசு பொய் சொல்லவில்லை. அது யாருடைய கையில் இருந்தது என்பதே வினா. மிட்வேலில் அது தொழிலாளியிடமிருந்து தீர்மானத்தைப் பறித்தது. வண்டிக்காரரின் கையிலுள்ள மானியோ, பயிற்சி பெற்ற கைக்கே உரியதாயிருந்த தீர்மானத்தை, எழுத்தறிந்த எவருக்கும் உரியதாக்குகின்றது. கருவியின் தத்துவம் ஒன்றே, உறவு வேறு.

அவ்வுறவு நிலையானதுமன்று. இதற்கு அண்மைக்காலச் சான்றொன்றைக் காட்டலாம். 2022 ஜூனில் ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு ஹார்லி டேவிட்சன் நிறுவனத்தின்மீது நடவடிக்கை எடுத்தது. பிறருடைய உதிரிப்பாகங்களைப் பயன்படுத்தினாலோ, சுயாதீனமான திருத்துநரிடம் வேலையை ஒப்படைத்தாலோ உத்தரவாதம் செல்லுபடியாகாது எனப் பொருள்படும் நிபந்தனைகளை நிறுவனம் விதித்திருந்தது என்பதும், அவை 1975ஆம் ஆண்டின் உத்தரவாதச் சட்டத்துக்கு முரணானவை என்பதும் முறைப்பாடு. அந்நிபந்தனைகளை நீக்குமாறும், பிறரிடம் திருத்துவதால் உத்தரவாதம் இழக்கப்படாது என்பதைப் பாவனையாளருக்கு அறிவிக்குமாறும் கட்டளையிடப்பட்டது. கம்பியையும் றப்பர் வளையத்தையும் கொண்டு நீரே அளந்துகொள்ளும் என்று கூறும் கைந்நூலும், பிறர் கைபட்டால் உத்தரவாதம் போய்விடும் என அச்சுறுத்திய பத்திரமும் ஒரே நிறுவனத்திலிருந்து வெளிவந்தவை. அறிவைப் பரப்பாமல் பொருளை விற்க இயலாது. பரப்பிய அறிவைத் தன் கட்டுக்குள் வைத்திராமல் திருத்தும் வேலையிலிருந்து வரும் இலாபத்தைக் காக்கவும் இயலாது. இம்முரண்பாடு நிறுவனமொன்றின் தனிக்குணமன்று. பண்ட உற்பத்தியின் இயல்பிலேயே உள்ளது.

6

கைந்நூலின் உரைநடையை இலக்கிய ஆய்வாளர் பொதுவாகப் பொருட்படுத்துவதில்லை. அதில் எழுதியவர் பெயர் இல்லை, அழகுபடுத்தல் இல்லை, கட்டளைகளும் அளவுகளுமே உண்டு. எனினும் தலைமுறை தலைமுறையாகக் கைகளுக்கிடையே மாத்திரம் கடத்தப்பட்ட ஓர் அறிவு முதன்முறையாக மொழியை அடைவது அவ்வுரைநடையிலேதான். அந்த வகையில் அது பெயரறியாத பலரின் கூட்டு ஆக்கம். நாட்டார் பாடலைப் பெயரறியாதோரின் ஆக்கமாகப் போற்றும் நாம், இதனையும் அவ்வாறு நோக்கத் தயங்குவது ஏன் என்று சிந்தித்தல் தகும்.

தொகுத்துக் கூறின், பட்டி மிகையாக இறுகினால் தாங்கும் தண்டை அழிக்கும். மிகையாகத் தளர்ந்தால் பற்களை இழக்கும். சரியான இழுவை இவ்விரண்டுக்கும் இடையே சில மில்லிமீற்றருள் அடங்கியுள்ளது. அதனை ஊகத்தால் அன்றி அளவையாலேயே அறியலாம். அவ்வளவை அலுவலக ஏட்டில் அடைபட்டிருக்கையில் ஆதிக்கத்தின் கருவியாகின்றது. வேலைசெய்வோரின் கையில், அவர்கள் அறிந்த மொழியில் இருக்கையில் அவர்களுடைய சுதந்திரத்தின் ஒரு பகுதியாகின்றது. கராச்சில் எண்ணெய்க் கறையோடு கிடக்கும் கைந்நூலுக்கும் பல்கலைக்கழக நூலகத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைக்கும் முயற்சியில், நம்மவர் தமிழில் எழுதக்கூடிய, எழுதவேண்டிய பக்கங்கள் இன்னும் பல உள்ளன.